மறு: நன்கொடைத் தளங்களில் வரும் 'டிப்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நன்கொடை தரும்போது தளத்தை நடத்துகிறவர்கள் தங்களுக்கென்று கூடுதலாகக் கேட்கும் 'டிப்' தொகைக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. அந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சிகிச்சைக்குப் பணம் திரட்டும் பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாயைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி. பக்கத்தில் இழுக்கிற பட்டை. நாம் தொடும் முன்பே அது 18 சதவீதத்தில் நிற்கிறது. அடியில் பச்சைப் பொத்தான்: "₹1,180 செலுத்துக". அழுத்தினால் யுபிஐ செயலி திறக்கும். அங்கே பெரும்பாலும் மொத்தத் தொகையும் தளத்தின் பெயரும்தான் இருக்கும். நோயாளியின் பெயரோ, 180 ரூபாய் வேறு இடத்துக்குப் போகிறது என்ற குறிப்போ இருக்காது. ஆக, கொடுக்கிறவருக்கு விஷயம் தெரியவர அந்தச் சாம்பல் வரியை விட்டால் வழியில்லை. நாம் சொல் தேடுவது அந்த ஒரு வரிக்குத்தான்.

> 'தளக் கட்டணம்' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கட்டணம் என்றால் கட்டியே ஆக வேண்டியது. இதுவோ விருப்பப்பட்டால் தருவது. பட்டையைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டாலும் நன்கொடை போய்ச் சேரும். போதாததற்கு, நிஜமான கட்டணம் ஒன்றும் உள்ளே இருக்கிறது: கிரெடிட் கார்டில் செலுத்தினால், பணத்தை வாங்கித் தளத்துக்குக் கடத்தும் இடைநிறுவனம் (பேமென்ட் கேட்வே) கழித்துக்கொள்ளும் தொகை, அதன் மேல் ஜிஎஸ்டி. (யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது பணம் பெறுகிறவரிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது. மற்ற கார்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை.) "கட்டணம் 0%" என்று கொட்டை எழுத்தில் போடும் தளத்திலும் இது கழியலாம். கட்டணம் என்ற சொல்லை அதற்கே விட்டுவைப்போம். 'பரிவர்த்தனைக் கட்டணம்' என்று தனி வரியாகவே காட்டலாம்.

> 'அன்பளிப்பு' அல்லது 'சிறுகொடை'

அன்பளிப்புக்கு அரசு அலுவலக வாசலில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும், வேண்டாம். 'சிறுகொடை' காதுக்கு இனிமைதான். ஆனால் கொடை என்று முடிகிற எந்தச் சொல்லும் இந்த வரியில் வரக் கூடாது என்பது என் கட்சி. அதைப் பார்த்தவர் அந்த 180 ரூபாயும் நன்கொடைதான் என்று நினைத்து வரிக் கணக்கில் சேர்த்துவிடுவார். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று அறியப்படுவது) அதற்கான அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்கோ நிதிக்கோ கொடுத்ததற்கு மட்டும். தனிநபர் சிகிச்சைக்கு நேராகக் கொடுத்ததற்கே கிடையாது என்கிறபோது, தளத்தை நடத்தும் கம்பெனிக்குப் போனதற்கு எங்கே கிடைக்கும்? அறநிறுவனத்துக்கே கொடுத்திருந்தாலும் அது தரும் சான்றிதழில் 1,000 இருக்கும், வங்கிக் குறுஞ்செய்தியில் 1,180 இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். சொல் சரியாக இருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

> 'தட்டுக்காசு' எப்படி? உண்டியலில் போடுவது கோயிலுக்கு, தட்டில் போடுவது குருக்களுக்கு. யாருக்கும் குழப்பமில்லை.

இழையில் வந்ததிலேயே விஷயத்தைச் சரியாகப் பிடித்தது இதுதான். யார் கைக்குப் போகிறது என்று தெரிகிறது, போடாவிட்டாலும் விபூதி கிடைக்கும் என்பதும் தெரிகிறது! ஆனால் மசூதிக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள் புழங்கும் திரையில் இதைப் போட முடியாது. கருத்தை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடுவோம்.

ஈழத்து நண்பர் சொன்ன 'தளக் கொடுப்பனவு' அங்கே இயல்பு. தமிழ்நாட்டில் அது புழக்கத்திலேயே இல்லை.

இன்னொரு கோணமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 'டார்க் பேட்டர்ன்' (பயனரை ஏமாற்றித் தேர்வு செய்யவைக்கும் திரை உத்தி) என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று, கேட்காமலே கூடையில் எதையாவது சேர்த்துவிடுவது. வரையறையில் பொருள், சேவையோடு நன்கொடையும் பெயர் சொல்லி வருகிறது. (இதற்கு இங்கே ஒருவர் தந்த 'கூடைச் செருகல்' அருமை. ஏற்கெனவே இடைச்செருகல் என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கமே வேண்டாம்.) இன்னொரு வகை, வேண்டாம் என்பவரைக் கூசவைப்பது. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணமும் நன்கொடைதான்: விலக நினைப்பவர் "தர்மமெல்லாம் பணக்காரர்களுக்கு, எனக்கு அக்கறையில்லை" என்ற பொருளில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டுமாம்.

இதைப் படித்தபின் ஒவ்வொரு சொல்லையும் மறுத்துச் சொல்லிப் பார்த்தேன். "அன்பளிப்பு தர விருப்பமில்லை" என்றால் கருமி. "தளத்தை ஆதரிக்கவில்லை" என்றால் எதிராளி. "கட்டணம் செலுத்த மாட்டேன்" என்றால் தகராறு. "தளச்செலவுக்கு: ₹0" என்றால் ஒன்றுமே இல்லை, அது வெறும் கணக்கு.

எனவே என் பரிந்துரை 'தளச்செலவு'. திரையில் நான்காம் வேற்றுமையோடு வரட்டும்:

சிகிச்சைக்கு: ₹1,000
தளச்செலவுக்கு (விரும்பினால்): ₹0
மொத்தம்: ₹1,000

அந்த 'க்கு' பாதி வேலையைச் செய்துவிடுகிறது. எது எங்கே போகிறது என்று விளக்கப் பெட்டி திறக்க வேண்டியதில்லை. பட்டை பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பது நம் அதிகாரத்தில் இல்லை, அது வடிவமைப்பவர்கள் பாடு. ஆனால் மொழிபெயர்ப்புக் குறிப்பில் எழுதி வைக்கலாம்.

செலவு என்றால் லாபம் அதில் சேராதே என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். லாபத்துக்கு நடக்கும் தளமென்றால் திரையில் 'தளத்துக்கு' என்று மொட்டையாகப் போட்டாலே நேர்மை. கலைச்சொல் பட்டியலுக்குப் பெயர்ச்சொல் ஒன்று வேண்டுமே, அதற்குத்தான் தளச்செலவு.

அப்புறம், பணம் செலுத்தியபின் உறுதி வராதபோது திரையில் வரும் 'பெண்டிங்' என்பதற்கு 'நிலுவையில்' என்று பட்டியலில் ஏற்கெனவே ஏற்றியிருப்பதையும் மாற்ற வேண்டும். நிலுவை என்றால் இன்னும் கட்டவில்லை என்று அர்த்தமாகும். கணக்கிலிருந்து பணம் போன பிறகும் அந்தச் சொல்லைப் பார்த்தவர் மறுபடி கட்டிவிடுவார். யுபிஐயில் பணம் போய் வணிகரிடம் உறுதி வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. திரை சொல்ல வேண்டியது "இன்னும் உறுதியாகவில்லை, மறுபடி செலுத்த வேண்டாம்" என்பதை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இதில் கலக்க வேண்டாம்.

அன்புடன்.