ஏணி கொட்டகைக்குள்ள அடங்குதா இல்லையா? நாளைக்குப் பரீட்சை, அவசரம்

கடைசிபெஞ்ச்:
சார்பியல் கணக்கு: 10 மீட்டர் ஏணி, 8 மீட்டர் கொட்டகை, ஏணி பாயுற வேகம் 0.6சி (சி = ஒளியோட வேகம்). ரெண்டு கதவையும் ஒரே நேரத்துல மூடி உடனே திறக்கிறாங்க. வேகமா ஓடுற பொருள் நீளம் குறையும்கிறதால கொட்டகைக்காரருக்கு ஏணி சுருங்கி உள்ள அடங்கிடுது. ஏணியில உட்கார்ந்து பார்த்தா கொட்டகைதானே சுருங்குது? ஏணியைக் கதவு வெட்டணுமே? மண்டை காயுது.

மீனா_இயற்பியல்:
10, 8 ரெண்டும் அதது நிற்கும்போது அளந்ததா?

தூண்:
ஒரே நேரம்னா யார் கடிகாரப்படி? அதைச் சொல்லாம கணக்கே இல்ல.

சும்மாஇரு:
எல்லாம் பார்வை மயக்கம் தம்பி. ஒளி கண்ணுக்கு வந்து சேர லேட்டாகுது, அவ்வளவுதான்.

பழையவாத்தியார்:
1905 கட்டுரையில ஐன்ஸ்டைன் முதல் பகுதியிலேயே எடுத்தது "ஒரே நேரம்னா என்ன"ங்கிற கேள்வியைத்தான். அதைப் படிக்காம ஏணியைத் தூக்கிட்டு வந்தா இப்படித்தான். சும்மாஇரு, ஒளி வர்ற தாமதத்தைக் கழிச்ச பிறகும் வித்தியாசம் நிற்கும்.

மீனா_இயற்பியல்:
ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்கு 38 மைக்ரோசெகண்ட் முந்துது. அதுவும் மயக்கமா?

பழையவாத்தியார்:
அதுல ஈர்ப்பால 45 கூடுது, வேகத்தால 7 குறையுது. கடிகாரம் ஓடுற வேகம் வேற, ஒரே நேரம்ங்கிறது வேற. குழப்பாதீங்கம்மா.

சும்மாஇரு:
சாருக்கு எப்பவும் பாடம் எடுக்கணும்.

கடைசிபெஞ்ச்:
தம்பி இல்ல, தங்கச்சி. ஆமா, நிற்கும்போது அளந்ததுதான். கதவு கொட்டகைக் கடிகாரப்படி. ரெண்டும் மூடுற நேர இடைவெளி 0, நேரநீட்சி வாய்பாட்டுப்படி காமாவால (வேகத்தைப் பொறுத்த பெருக்கு எண், இங்க 1.25) பெருக்கினாலும் 0. அதான் ஏணிக்கும் ஒரே நேரம்னு போட்டேன்.

தூண்:
அங்கதான் சறுக்கிட்டீங்க. அந்த வாய்பாடு ஒரு சட்டகத்துல (ஒருத்தர் தன் அளவுகோல், கடிகாரத்தால அளக்கிற பார்வையில) ஒரே இடத்துல நடக்கிற ரெண்டு நிகழ்ச்சிக்கு. இங்க கதவுகள் 8 மீட்டர் தள்ளி இருக்கு. ஒருத்தர் அளவை இன்னொருத்தர் அளவா மாத்துற முழு லோரன்ட்ஸ் உருமாற்றம் போடுங்க. நேர வித்தியாசம் = காமா × வேகம் × தூரம் ÷ சி வர்க்கம். 1.25 × 0.6 × 8 = 6, அதாவது ஒளி 6 மீட்டர் போற நேரம், 20 நானோசெகண்ட். ஏணிக்கு வெளியேறுற கதவுதான் முதல்ல மூடித் திறக்கும். அந்த நொடியில கொட்டகை நீளம் 6.4, ஏணியோட வால் 3.6 மீட்டர் வெளிய நிற்குது. 20 நானோசெகண்டுல கொட்டகை 0.6சி-ல எவ்வளவு நகரும்? அதே 3.6. வால் உள்ள வந்ததும் நுழையுற கதவு மூடுது. எதுவும் வெட்டுப்படல.

பழையவாத்தியார்:
"சட்டகம்" இல்ல, குறிப்பாயம்.

தூண்:
புரிஞ்சா போதாதா சார்?

பழையவாத்தியார்:
விடைத்தாள்ல எழுதுறப்போ போதாது.

கடைசிபெஞ்ச்:
3.6 வந்துடுச்சு!! நன்றிண்ணா.

சும்மாஇரு:
சரி, மூடின கதவைத் திறக்காமலே விட்டா?