பங்குனி வெயிலுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு: வால்பாறையா, நஞ்சராயன் குளமா?

ஊத்துக்குளிரோடு: நானும் எங்கூட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைங்க. ஆர்டர் முடிஞ்சதுல இந்தச் சனி, ஞாயிறு ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கெடைச்சிருக்கு. பொண்ணை எங்கம்மா பாத்துக்கறேன்னுட்டாங்க. பனி விட்டாச்சு, வெயிலும் இன்னும் உறைக்க ஆரம்பிக்கலை. மால், சினிமா வேண்டாம், வெளிய நடக்கணும், பேசணும். அவரு பைக்குல வால்பாறை போலாங்கறாரு. எனக்குத் தூரத்தை நெனைச்சாத்தான் யோசனை. சொல்லுங்க.

ஆழியாத்துக்காரன்: வால்பாறையேதாங்க. பொள்ளாச்சியில இருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டுனதும் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல நின்னீங்கன்னா கீழ அணை பூராவும் தெரியும், பக்கத்துப் பாறையில வரையாடு மேயும். இன்னொண்ணு, இது இருவாச்சி குஞ்சு பொரிக்கற காலம். பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலைப் பூசி அடைச்சுக்கும். அலகு நீட்டற அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை காடெல்லாம் அலைஞ்சு அத்திப்பழம் கொண்டாந்து அது வழியா ஊட்டும். புருசன் பொஞ்சாதி சேந்து பாக்க வேண்டிய காட்சிங்க அது.

நொய்யல்கரை: இருவாச்சி அழகுதான், மறுக்கலை. ஆனா அவங்க கேட்டது நடக்கறதுக்கும் பேசறதுக்கும். திருப்பூர்ல இருந்து வால்பாறை போய்த் திரும்பறதுக்குள்ள பொழுது பைக் சீட்டுலயே போயிரும். ஹெல்மெட்டுக்குள்ள என்ன பேச்சு பேசுவீங்க?

உங்க ஊர்லயே நஞ்சராயன் குளம் இருக்குது. சுமார் 125 ஹெக்டேர், தமிழ்நாட்டோட 17வது பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டுல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியலுக்கும் போயிருச்சு. இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து வந்து எறங்கற குளம் அது. பங்குனி பொறந்தா வந்ததெல்லாம் ஒண்ணொண்ணா வடக்க கெளம்பிரும், அதனால இந்த வாரத்தை விட்டா அடுத்த குளிர்காலந்தான். விடியக்காலையில போங்க, ஒம்பது மணிக்கு மேல பறவை பூரா நெழல் தேடிரும்.

ஆழியாத்துக்காரன்: வாரம் பூரா பாக்கற அதே ஊரு, அதே சாயப்பட்டறை ரோடு. அதுக்கு எதுக்குங்க லீவு? அதுவும் இல்லாம, உள்ளூர்ல ஜோடியா கரையில உக்காந்தா தெரிஞ்சவங்க நாலு பேரு என்னமோன்னு பாப்பாங்க. மலையில அந்தக் கூச்சம் இல்லை.

நொய்யல்கரை: அந்தக் கூச்சத்துக்குப் பயந்து எத்தனை காலத்துக்குங்க ஊரை விட்டு ஓடறது? நானும் எங்கூட்டுக்காரரும் அந்தக் கரையில நடக்கறோம். மொதல்ல திரும்பிப் பாத்தவங்க இப்ப என்ன பறவை வந்திருக்குதுன்னு எங்ககிட்டயே கேக்கறாங்க.

சாயத்தைப் பத்திச் சொன்னீங்க. சாயத்தண்ணியில நொய்யல் ஆறு பட்ட பாடு எனக்கும் தெரியும், அதனாலதான் சொல்றேன். ஊர்க்காரங்க வந்து போற குளத்துல மண்ணைக் கொட்டவோ கழிவு விடவோ யாரும் சுளுவா துணிய மாட்டாங்க.

அப்பறம், இது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க தீயில மாட்டி 20 பேருக்கு மேல செத்தாங்க. 2025லயும் பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிட்டாங்க. வால்பாறை போனாலும் கால் வைக்கறது தார் ரோட்டுலயும் எஸ்டேட் ஓரத்துலயுந்தான். அங்கயும் யானை, சிறுத்தை நடமாட்டம். மனசு விட்டு நடக்க எடம் எங்கிருக்குது?

ஆழியாத்துக்காரன்: காட்டுக்குள்ள போவச் சொல்லவே இல்லைங்க. குரங்கணியை வால்பாறை ரோட்டோட சேக்கறது ஞாயமில்லை. சோலையாறு அணைப் பக்கம் வரைக்கும் ரோட்டுல போய் வந்தாலே கண்ணு நெறையும். இருட்டறதுக்குள்ள எறங்கிரணும், அவ்வளவுதான்.

கோபிச்செட்டிபாளையத்தம்மா: கண்ணு, ரெண்டு பேருமே எங்கூருப் பக்கம் வாங்களேன். கொடிவேரியில பவானித் தண்ணி விழுகறதுல நனைஞ்சு, சுடச்சுட மீன் வறுவல் தின்னுட்டுப் போலாம். பிள்ளையவும் கூட்டிட்டு வந்தா என்ன? அது ஏங்கிப் போவாதா?

நொய்யல்கரை: அம்மா, ஞாயித்துக்கெழமை கொடிவேரியில நிக்க எடம் கெடைக்காது. பிள்ளைக்கும் ஒண்ணும் ஆவாது, பாட்டிகிட்டத்தான் இருக்குது. வருசம் பூரா ஒருத்தருக்கொருத்தர் அசதியத்தான் பாக்கறாங்க. ரெண்டு நாள் அவங்களுக்கு வேணும்மா. ஞாயித்துக்கெழமைக்குச் சென்னிமலை பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்குது. சுமார் 77 ஹெக்டேர், அதுவும் ராம்சர் எடந்தான். காலையில சென்னிமலை படி ஏறி முருகனைக் கும்பிட்டுட்டு, வெயில் தாழ்ந்ததும் வெள்ளோடு போலாம்.

ஊத்துக்குளிரோடு: எல்லாத்தையும் அவருகிட்டப் படிச்சுக் காட்டுனேனுங்க. வரித்தலை வாத்து சரிங்கறாரு, இருவாச்சியை விடமாட்டேங்கறாரு. சனிக்கெழமை விடியக்காலை நஞ்சராயன் குளம், மத்தியானமாப் பொள்ளாச்சி போய்த் தங்கி, ஞாயிறு காலையில பஸ்ஸுல மலையேறலாங்கறோம். பஸ்ஸுன்னா பக்கத்துல உக்காந்து பேசலாமல்லங்க?

ஆழியாத்துக்காரன்: தாராளமா. அணை தெரியற பக்கம் சன்னல் சீட்டு புடிச்சுக்குங்க.

நொய்யல்கரை: ரெண்டையும் திணிச்சா மறுபடியும் ஓட்டந்தாங்க. திங்கக்கெழமை மிசின்ல உக்காறப்ப ஒடம்பு கேக்கும். ஞாயிறை வெள்ளோட்டோட வெச்சுக்குங்கன்னுதான் இப்பவும் சொல்வேன். எப்படிப் போனாலும் தொப்பி, தண்ணி பாட்டல் எடுத்துக்குங்க. குளத்துக்குப் பளபளன்னு செவப்பு, மஞ்சள் உடுத்தாதீங்க, பறவை வெரண்டுரும்.