சன் வைசர்ல ஏர்பேக் ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு நிக்குது, பிசுக்கு போகவே மாட்டேங்குது. உதவி ப்ளீஸ்

அம்பத்தூர்வாசி (ஞாயிறு, இரவு 9:40)

வணக்கம் மக்களே. போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹேட்ச்பேக் எடுத்தேன். 2018 மாடல், டாப் வேரியன்ட், முன்னாடி ரெண்டு ஏர்பேக். வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு விஷயம் கண்ணை உறுத்துது.

டிரைவர் பக்க சன் வைசர்ல மஞ்சள் கலர் ஏர்பேக் எச்சரிக்கை ஸ்டிக்கரை பழைய ஓனர் உரிக்கப் பார்த்திருக்கார். மேல் பிளாஸ்டிக் தோல் மட்டும் கிழிஞ்சு வந்துடுச்சு. அடியில வெள்ளைப் பேப்பரும் பசையும் திட்டுத்திட்டா நிக்குது, அதுல ஒரு வருஷத் தூசி ஒட்டி கருப்பாயிடுச்சு. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து திரும்பும்போது வெயில் நேரா முகத்துல அடிக்கும், வைசரை இறக்கினா விரல் ஒட்டிக்குது. அந்தக் கையோட ஸ்டீயரிங் பிடிக்கவே அருவருப்பா இருக்கு.

இடது பக்க வைசர்ல ஸ்டிக்கர் முழுசா இருக்கு. குழந்தை சீட் படம் போட்டு மேல சிவப்புக் கோடு. வீட்டம்மா அதையும் எடுங்கன்னு சொல்றாங்க, ஏறி உக்காந்ததும் மூஞ்சிக்கு நேரா இருக்காம்.

இதுவரை பண்ணினது: நகத்தால சுரண்டினேன். ஈரத்துணி. பாத்திரம் கழுவுற லிக்விட். மூணுமே வேஸ்ட். என்ன பண்ணலாம்?

நாலுசக்கரம் (9:52)

ரொம்ப சிம்பிள் ப்ரோ. பெயின்ட் கடையில தின்னர் வாங்குங்க, பஞ்சுல தொட்டு ஒரே தேய். அஞ்சு நிமிஷ வேலை. தின்னர் இல்லன்னா பெட்ரோல்.

பெரம்பூர்ப் பழசு (10:05)

ஐயோ, தின்னர் பக்கம் போகாதீங்க. என் பழைய வண்டியில வாட்டர் வாஷ் பண்ற பையன் இதே வேலையைப் பண்ணினான். ஸ்டிக்கர் போச்சு, கூடவே வைசரோட ரெக்சின் மேல் தோலும் போச்சு. முதல்ல பளபளன்னு ஆச்சு, அப்புறம் பிசுபிசுன்னு ஆச்சு, ரெண்டு வாரத்துல வெடிச்சு அப்பளம் மாதிரி பொரிஞ்சிடுச்சு. கேட்டா "வண்டி பழசு சார்"ங்கிறான்.

நெயில் பாலிஷ் ரிமூவரும் அதே கதிதான். அதுல இருக்கிற அசிட்டோன் பசையையும் பிளாஸ்டிக்கையும் பிரிச்சுப் பார்க்காது. பெட்ரோலைப் பத்தி சொல்லவே வேணாம், மூடின காருக்குள்ள அந்த ஆவியோட யாராவது ஹேர் டிரையர் போட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

நாலுசக்கரம் (10:11)

எனக்கு ஒண்ணும் ஆகலையே. கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கரைத் தின்னர் போட்டுத்தான் எடுத்தேன்.

பெரம்பூர்ப் பழசு (10:14)

கண்ணாடி வேற, ரெக்சின் வேற தலைவரே.

சீட்கவர் தாஸ் (10:48)

தம்பி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பதினாலு வருஷமா சீட் கவரும் ரூஃப் துணியும் மாத்துற வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுட்டு வருவாங்க. முதல்ல ரெண்டு கேள்வி. வைசர் ரெக்சினா, துணியா? ஸ்டிக்கர் ஓரத்துல நகம் மாட்டுதா, இல்ல வழுக்கிட்டுப் போகுதா?

ஏன் கேக்குறேன்னா, சில வண்டியில அது ஸ்டிக்கரே கிடையாது. சூடு வெச்சு ரெக்சின் மேலயே அச்சுக் குத்தியிருப்பாங்க. நகத்தால தடவினா ஓரமே தெரியாது. அதை எடுக்க முடியாது, தேய்ச்சா ரெக்சின்தான் போகும். அந்த மாதிரி வண்டிக்கு வைசரை மாத்தணும், இல்ல மேல உறை போடணும்.

அம்பத்தூர்வாசி (11:02)

ரெக்சின் அண்ணே, சாம்பல் கலர், லேசா சொரசொரப்பா இருக்கு. ஓரத்துல நகம் நல்லாவே மாட்டுது.

சீட்கவர் தாஸ் (11:30)

அப்போ கவலையே வேணாம். நான் பண்ற முறையைச் சொல்றேன், அவசரப்படாம பண்ணணும்.

முதல்ல சூடு. பசை இறுகிக் கிடக்கும்போது சுரண்டினாதான் தோல் தனியா, பேப்பர் தனியா பிரியும். உங்க பழைய ஓனர் பண்ணின தப்பு அதுதான். வீட்டுல ஹேர் டிரையர் இருந்தா நடுத்தரச் சூட்டுல ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, கையை ஆட்டிக்கிட்டே அரை நிமிஷம், ஒரு நிமிஷம் காட்டுங்க. தொட்டா கை தாங்கற சூடு போதும். ஹீட் கன் வேணாம், ரெக்சின் சுருங்கிடும்.

டிரையர் இல்லையா? சென்னை வெயில் எதுக்கு இருக்கு? மதியம் வண்டியை முகப்பு வெயில் பார்த்து நிறுத்துங்க. வைசரை இறக்கி விட்டா ஸ்டிக்கர் இருக்கிற பக்கம் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கும் பாருங்க. மடிச்சு வெச்சா நமக்குத் தெரியற பக்கம், இறக்கினா வெயிலுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் விட்டா பசை தானா இளகிடும். கத்திரி வெயில்ல இதுக்கு அரை மணி நேரம் போதும்.

முழுசா இருக்கிற ஸ்டிக்கருக்கு: ஒரு மூலையை நகத்தால கிளப்பி, மேல் நோக்கி இழுக்காம, ஸ்டிக்கரையே அதுக்கு மேல மடிச்சு, ரெக்சினோட படுக்க வெச்ச மாதிரி மெதுவா இழுங்க. விரல் அகலம் வந்ததும் நிறுத்தி, மறுபடி சூடு காட்டி, மறுபடி இழுங்க. வாழைத்தண்டு நாரை உரிக்கிற மாதிரி, அறுந்துடாமப் பார்த்துக்கணும்.

உங்க வலது பக்கம் மாதிரி தோல் போய் பேப்பர் மட்டும் நின்னா வேற வழி. பசை எண்ணெய்க்குத்தான் இளகும், தண்ணிக்கு இல்ல. அதனாலதான் நீங்க ஈரத்துணி போட்டதுல ஒண்ணும் நடக்கலை. மேல நிக்கிற பேப்பர் நார் எண்ணெயைக் குடிச்சு அடிவரைக்கும் கொண்டு போகும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சுல நனைச்சு அது மேல ஒட்டினாப்ல வெச்சு, இருபது நிமிஷமோ அரை மணியோ விடுங்க. அப்புறம் காலாவதியான ஏடிஎம் கார்டு ஓரத்தால தள்ளுங்க. பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், எவர்சில்வர் ஸ்பூன் எதையும் எடுக்காதீங்க. பசை உருண்டு உருண்டு அழுக்குத் திரி மாதிரி வரும்.

மடிப்பாக்கம் மாமி (11:44)

தேங்காய் எண்ணெய்க்குப் போகாத பசையா இருந்தா நீலகிரித் தைலம் போட்டுப் பாருங்கோ. எவர்சில்வர் பாத்திரத்துல, ஊறுகாய் பாட்டில்ல லேபிள் எடுக்க எங்காத்துல அதுதான். ஊட்டிக்குப் போறவா எல்லாம் ஒரு பாட்டில் வாங்கிண்டு வந்து அலமாரியில வெச்சுடறா, ஜலதோஷத்துக்கு ரெண்டு தரம் போட்டா உண்டு. மீதி இதுக்குத்தான் ஆகும்.

சீட்கவர் தாஸ் (11:51)

மாமி சொல்றது கரெக்ட், தைலம் தேங்காய் எண்ணெயைவிட வேகம். ஆனா வேகமா இருக்கிறது எதுவும் பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கடிக்கும். வைசர் மேல் ஓரத்துல, மடிச்சா மறையுற இடத்துல ஒரு சொட்டு வெச்சு பத்து நிமிஷம் கழிச்சு வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. துணியில சாம்பல் கலர் ஏறினா விட்டுடுங்க. ஏறலன்னா தாராளமாப் போடலாம், ஊற விடாம தொட்டுத் தொட்டுத் துடைங்க.

கடைசியா எண்ணெய் பிசுக்குக்கு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஸ்பிரிட் கொஞ்சம் பஞ்சுல. சானிடைசர் ஜெல் வேணாம், அதுல இருக்கிற கிளிசரின் மறுபடி பிசுபிசுங்கும். அப்புறம் சோப்புத் தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணி. பிழிஞ்சதுன்னு சொல்றேன் கவனிங்க. நிறைய வைசருக்கு உள்ள அட்டையும் ஸ்பான்ஜும்தான். தண்ணி இறங்கினா உப்பி வளைஞ்சுடும்.

தாம்பரம் டூ தரமணி (திங்கள், காலை 7:20)

எங்க வண்டியில வைசர் துணி. எண்ணெய் போடலாமா?

சீட்கவர் தாஸ் (8:05)

வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் போய் எண்ணெய்க் கறை நிரந்தரமா உக்காந்துடும். துணிக்கு நேர் எதிர் வைத்தியம். ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் கவர்ல போட்டு பசை மேல அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பசை விறைச்சுக்கும், அப்போ கார்டால தட்டினா உதிரும். மிச்சத்துக்கு ஸ்பிரிட்டைத் துணியில நனைச்சு ஒத்தி எடுங்க. தேய்ச்சா பசை நூலுக்குள்ள இறங்கிடும். துணி வைசர்ல முழுசா போகும்னு நான் கேரண்டி தர மாட்டேன்.

கழட்டி வேலை செய்யறது இன்னும் சௌகரியம். பிவட் (வைசர் திரும்புற கீல்) பக்கத்துல மூடிக்கு அடியில ரெண்டு மூணு ஸ்க்ரூ இருக்கும், அவ்வளவுதான். ஆனா கண்ணாடி லைட் இருக்கிற வைசர்னா ஒயர் வரும், இழுத்துடாதீங்க. ரூஃப் ஓரத்துல கர்ட்டன் ஏர்பேக் (பக்க ஜன்னலை மறைச்சு விரியறது) இருக்கிற வண்டியா இருந்தா கழட்டாமலேயே பண்ணுங்க.

ரெட்டைக்குழந்தை அம்மா (9:15)

எல்லாரும் எப்படி எடுக்கிறதுன்னே பேசுறீங்க. அம்பத்தூர்வாசி சார், இடது பக்க ஸ்டிக்கர் எதுக்கு இருக்குன்னு வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா?

கைக்குழந்தை சீட் பின்பக்கம் பார்த்துத்தான் மாட்டணும். அதை முன் சீட்டுல மாட்டினா குழந்தையோட தலைப் பக்கம் டேஷ்போர்டை ஒட்டி இருக்கும். மோதினா ஏர்பேக் நாம கண் இமைக்கிறதைவிட வேகமா வெடிச்சு விரியும், அந்த அடி நேரா சீட்டோட முதுகுல விழும். குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காருறதும் ஆபத்துதான். நம்ம ஊர்ல பிரசவமாகி ஆஸ்பத்திரியில இருந்து வர்ற அன்னைக்கே அப்படித்தான கூட்டிட்டு வர்றோம். என்னையும் அப்படித்தான் கூட்டிட்டு வந்தாங்க, ரெண்டு தடவையும்.

பெரம்பூர்ப் பழசு (9:40)

இதுவும் உண்மைதான். முன்னாடி பாதி வண்டியில பாசஞ்சர் ஏர்பேக்கே கிடையாது, அதனால நம்ம ஆளுங்களுக்கு இந்த ஸ்டிக்கரே புதுசு. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில. பக்கத்து சீட்டுக்கு 2021ல, ஏப்ரல்ல புது மாடலுக்கு, அந்த வருஷக் கடைசியில மத்ததுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்துலயும் 194பி பிரிவுல, 14 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாம கூட்டிட்டுப் போனா ஆயிரம் ரூபாய் அபராதம் இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல.

நாலுசக்கரம் (9:58)

ஸ்டிக்கரை எடுத்தா ஏர்பேக் வேலை செய்யாமப் போயிடுமா என்ன? ஓவரா பயமுறுத்துறீங்க.

ரெட்டைக்குழந்தை அம்மா (10:03)

ஏர்பேக் நல்லாவே வேலை செய்யும் சார். பிரச்சினையே அதான்.

அம்பத்தூர்வாசி (10:30)

அக்கா, சொல்லணும்னு நினைக்கலை, ஆனா கேட்டதால சொல்றேன். வர்ற தை மாசம் எங்க வீட்டுல குழந்தை. வீட்டம்மாகிட்ட உங்க பதிலை அப்படியே படிச்சுக் காட்டுறேன். ஞாயித்துக்கிழமை வலது பக்கம் மட்டும் முதல்ல பார்க்கிறேன்.

மடிப்பாக்கம் மாமி (10:41)

சந்தோஷம்! நல்லபடியா ஆகட்டும். தைலம் போடறச்சே அவளை வண்டிக்குள்ள உக்கார வெக்காதேள், வாசனை குமட்டும்.

அம்பத்தூர்வாசி (அடுத்த ஞாயிறு, மாலை 5:15)

அப்டேட். மாடி வெயில்தான் வேணும்னு வைசரையே கழட்டிட்டேன், ஒயர் எதுவும் இல்ல, ரெண்டே ஸ்க்ரூ. மொட்டை மாடியில வடாம் காயப் போட்டிருந்த பாய் பக்கத்துல ஒரு மணி நேரம் வெச்சேன். எதிர் வீட்டுப் பாட்டி "இது என்ன அப்பளம்டா"ன்னு கேட்டாங்க.

தேங்காய் எண்ணெய்ப் பஞ்சு அரை மணி நேரம். முதல் தள்ளலுக்கே பேப்பர் சுருண்டு வந்துடுச்சு, அவ்வளவு நாள் நகத்தால போராடினது நினைச்சு வெறுத்துட்டேன். ஆனா பசை ஒரு மெல்லிய படலமா நின்னுச்சு, மூணு தடவை எண்ணெய் வெச்சும் போகலை. ஓரத்துல சோதிச்சுப் பார்த்து தைலத்துக்கு மாறினேன். துணியில கலர் ஏறலை. பத்து நிமிஷத்துல மொத்தமும் கரைஞ்சுடுச்சு. அப்புறம் ஸ்பிரிட், சோப்புத் துணி. மொத்தம் ரெண்டரை மணி நேரம் ஆச்சு. காருக்குள்ள இன்னும் ஊட்டி வாசனைதான்.

ஒரே குறை. ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் கட்டம் போட்ட மாதிரி பளிச்சுன்னு தெரியுது. தேய்ச்சதால கலர் போச்சோன்னு பயந்துட்டேன்.

சீட்கவர் தாஸ் (5:50)

கலர் போனது அங்க இல்ல தம்பி, மத்த இடத்துல. அத்தனை வருஷ வெயில்ல சுத்தி வெளுத்துடுச்சு, ஸ்டிக்கர் அடியில இருந்தது மட்டும் கம்பெனி கலர். பாலிஷ் போட்டும் போகாது. ரொம்ப உறுத்தினா புதுப்பேட்டையில இதே மாடலுக்குப் பழைய வைசர் கிடைக்கும், கலரும் ஸ்க்ரூ ஓட்டையும் பார்த்து வாங்குங்க. அங்க கிடைக்கிறதுலயும் பாதி உரிஞ்ச ஸ்டிக்கர் இருக்கும், அதையும் சொல்லிடுறேன்.

அம்பத்தூர்வாசி (6:02)

ஹாஹா, வேணாம் அண்ணே. அந்தக் கட்டத்து மேல டோல் ரசீது, பார்க்கிங் சீட்டு செருகுற பவுச் மாட்டிடுறேன். இடது பக்க ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. வீட்டம்மா பின் சீட்டுக்கு மாறிட்டாங்க, இப்போ அவங்க புகார் என்னன்னா பின்னாடி ஏசி காத்து வரலையாம். அதுக்குத் தனி இழை போடுறேன்.