ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸில் லிவர்மோர் கோயிலுக்குப் போகலாமா, கூடாதா?

கறிவேப்பிலை:
நேற்று இன்னொரு இழையில் ஃப்ரீமாண்ட் பெரியவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நண்பரின் தம்பி ஒருவன் பார்ட்டி முடிந்து கலிஃபோர்னியாவின் 880 நெடுஞ்சாலையில் வரும்போது குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிபட்டான். முதல் தடவை. யாருக்கும் அடி இல்லை. போலீஸ் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ரோஸ் கலர் காகிதம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. அதற்குப் பெரியவரின் அருள்வாக்கு: "பயப்படாதே, ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ், அதாவது கட்டுப்பாட்டோடு ஓட்டும் லைசென்ஸ், தருவார்கள், லிவர்மோர் கோயில் வரை தாராளமாக ஓட்டலாம்." தவறு சார். வீட்டிலிருந்து வேலைக்கு, வேலை விஷயமாக, அப்புறம் குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்களுக்கு நடத்தும் அந்த வகுப்புக்கு. இவ்வளவுதான். இதில் கோயில் எங்கே வந்தது?

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
தம்பி, நான் 1998-இல் இருந்து கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். நீங்கள் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறீர்கள். 2019 ஜனவரியில் சட்டம் மாறிவிட்டது. மூச்சில் மது இருந்தால் வண்டியைக் கிளம்ப விடாத ஊதும் கருவியை மாட்டினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். என்னோடு வேலை பார்த்தவர் நான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினார். லிவர்மோர் என்ன, லாஸ் ஏஞ்சலஸ் வரை போய் வந்தார்.

கறிவேப்பிலை:
கருவியைப் பற்றி யார் பேசியது? சஸ்பென்ஷன் தொடங்கியபின் முப்பது நாள் வண்டியைத் தொடாமல் இருந்துவிட்டு வாங்கும் லைசென்ஸில் கோயிலுக்குப் போக முடியாது. முடியாது என்றால் முடியாது.

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
போகலாம்.

நாலுமணிக்காபி:
குடித்துவிட்டு மாட்டியவனுக்குக் கோயிலுக்குப் போக என்ன அவ்வளவு அவசரம்? அந்த பார்ட்டிக்குப் போகும் முன்னால் போயிருந்தால் புண்ணியம்.

வரப்பு:
நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு லைசென்ஸைப் பற்றிப் பேசுகிறீர்கள். கருவி மாட்டி வாங்குவது ஒன்று, மாட்டாமல் முப்பது நாள் கழித்து வாங்கி ஐந்து மாதம் வேலைக்கும் வகுப்புக்கும் மட்டும் ஓட்டுவது இன்னொன்று. எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
வரப்பு, நடுவில் புகுந்து குழப்பாதீர்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: லிவர்மோர் போகலாமா? போகலாம். போன வருடம் சோலார் பேனல் இழையிலும் இப்படித்தான், எல்லாம் தெரிந்தது போல வந்தீர்கள். அந்தக் கம்பெனி என்ன ஆனது என்று சபையில் சொல்லட்டுமா?

வரப்பு:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கம்பெனியை நான் சிபாரிசு செய்யவே இல்லை. "விசாரித்துப் பாருங்கள்" என்றுதான் எழுதினேன். இன்னமும் அந்த இழை இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

தி_நகர்_வாசி:
சென்னையிலிருந்து ஒரு கும்பிடு. கலிஃபோர்னியாவில் 0.08 வரை விடுகிறார்கள், அதாவது நூறு மில்லி ரத்தத்தில் எண்பது மில்லிகிராம். இங்கே முப்பதைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், சில நேரம் இரண்டும். குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. ஊதும் கருவி மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிற வசதியெல்லாம் எங்களுக்கு இல்லை.

நாலுமணிக்காபி:
சட்டப் புத்தகத்தில் முப்பது இருக்கிறது. சனிக்கிழமை இரவு ரோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

தி_நகர்_வாசி:
விமானம் ஏறியதும் ஊர்மேல் வருகிற இந்த இளப்பம் இருக்கிறதே! இப்போது வந்து பாருங்கள், ஊதச் சொல்லாமல் விடுகிறார்களா என்று.

கறிவேப்பிலை:
0.08 "வரை விடுகிறார்கள்" என்பதும் தப்பு. அதற்குக் கீழே இருந்தாலும் தடுமாறி ஓட்டினால் வழக்குப் போடலாம். டாக்ஸி மாதிரி ஆள் ஏற்றி ஓட்டுகிறவருக்கு 0.04-தான். சரி, அது கிடக்கட்டும். வேலைக்கும் வகுப்புக்கும் மட்டும் என்று எழுதின லைசென்ஸில் கோயிலுக்குப் போகலாம் என்று பெரியவர் சொன்னது தப்பா இல்லையா?

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
தப்பில்லை. நான் சொன்னவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனார். காலையில் ஊதுவார், வண்டி கிளம்பும். வழியில் திடீரென்று கருவி கூவும், மறுபடி ஊதுவார். ஒரு நாள் மவுத்வாஷ் போட்டுவிட்டு உடனே ஊதி, வண்டி கிளம்பாமல் வாசலிலேயே நின்றதும் உண்டு. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஊதினார், கிளம்பியது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். உங்களைப் போல இணையத்தில் படித்துவிட்டு வரவில்லை.

மாவுக்கடை:
புளித்த இட்லி மாவுக்கும் அது கூவுமா? எங்கள் வீட்டில் தினமும் இட்லிதான்.

நாலுமணிக்காபி:
இட்லியை வேக வைத்துத்தானே சாப்பிடுகிறீர்கள்? இல்லை, மாவையே குடிக்கிறீர்களா?

பாலைவனரோஜா:
எல்லோரும் விளையாடுகிறீர்கள். அந்தத் தம்பி இருப்பது எச்1பி வேலை விசாவிலா என்று யாராவது கேட்டீர்களா? தீர்ப்பு வரும் முன்பே, கைதான தகவலை வைத்தே பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்ய முடியும். அமெரிக்காவுக்குள் இருக்கும் வரை அதனால் மட்டும் பொதுவாக வேலை போகாது. ஊருக்குப் போனால் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும், அதற்கு மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். லைசென்ஸைவிட இதுதான் பெரிய தலைவலி.

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
அம்மா, விசாவுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு லிவர்மோர்.

கறிவேப்பிலை:
பேச்சு லிவர்மோர் இல்லை, உங்கள் பொய். எஸ்ஆர்-22 பற்றியும் தப்பாகத்தான் எழுதினீர்கள், "தனி இன்சூரன்ஸ் வாங்க வேண்டும்" என்று. அது இன்சூரன்ஸே இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனி டிஎம்வி-க்கு, அதாவது லைசென்ஸ் தரும் அரசுத் துறைக்கு, அனுப்பும் சான்று.

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
பிரீமியம் ஏறுமா ஏறாதா? ஏறும். அப்புறம் பேர் எதுவாக இருந்தால் என்ன? என்னைப் பொய்யன் என்று சொன்னதை அட்மின் கவனிக்க வேண்டும். பதினோரு வருடம் பொங்கல் விழாவுக்குப் பந்தி பரிமாறியவன் நான்.

வரப்பு:
பந்தியில் எனக்குப் பாயசம் வரவில்லை என்பதையும் அட்மின் கவனிக்கவும்.

மாவுக்கடை:
ஃப்ரீமாண்டிலிருந்து லிவர்மோருக்கு 680-இல் ஏறி 84-இல் திரும்புவதுதானே சுலபம்? சாயங்காலத்தில் அந்த 84 நகரவே மாட்டேன் என்கிறதே.

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
ஐந்தரைக்கு முன்னால் கிளம்பினால் ஒன்றும் ஆகாது. நான் அப்படித்தான் போவேன்.

தம்பி_நான்தான்:
வணக்கம். மேலே சொன்ன தம்பி நான்தான். அண்ணன் இந்த இழையின் சுட்டியை அனுப்பினார். ரோஸ் காகிதத்தில், முப்பது நாள் ஓட்டலாம், விசாரணை வேண்டும் என்றால் பத்து நாளுக்குள் டிஎம்வி-யிடம் கேட்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. கோர்ட் தேதி இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இன்று எட்டாவது நாள். இது வேறயா?

பாலைவனரோஜா:
வேறதான் தம்பி. கோர்ட் ஒரு பக்கம், டிஎம்வி ஒரு பக்கம். இன்றைக்கே டிஎம்வி-யின் டிரைவர் சேஃப்டி அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரணை கேளுங்கள். நேரத்துக்குள் கேட்டால் முடிவு வரும் வரை சஸ்பென்ஷன் தொடங்காது. சனி ஞாயிறைக் கழித்துக் கணக்குப் போடாதீர்கள். வக்கீல் வைத்திருக்கிறீர்களா?

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
தம்பி, போன் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கருவி மாட்டப் போகிறாயா இல்லையா? மாட்டினால் லிவர்மோர் போகலாம் என்று இந்தக் கறிவேப்பிலைக்கு நீயே சொல்.

கறிவேப்பிலை:
மாட்டாவிட்டால்?

ஃப்ரீமாண்ட்_பெரியவர்:
போகலாம்.