அக்டோபரில் கோட்டை ஏறப் போகிறோம்: எங்கள் குடும்பக் குழுவில்

*சனிக்கிழமை*

அண்ணன்: நான்கு பேருக்கும் விசா வந்துவிட்டது! அக்டோபர் இரண்டாம் வாரம் பிரான்சில் துலூஸ் வந்து இறங்குகிறோம். கதார் கோட்டைகளைக் காட்டுகிறேன் என்றாயே, நானே ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒரே நாளில் அகிலார், கெரிபூஸ், பெய்ர்பெர்த்தூஸ், பியிலோரன்ஸ், மொன்செகூர். ஐந்தையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு.

நான்: விசா வந்ததில் ரொம்ப சந்தோஷம் 🙏 ஆனால் ஐந்து வேண்டாம் அண்ணா. ஒவ்வொன்றும் ஒரு பாறை உச்சி. கார் ஓரளவுக்குத்தான் போகும், மிச்சம் நடை. மூன்றாவது கோட்டையிலேயே எல்லோருக்கும் கால் விட்டுவிடும்.

பெரியப்பா: எத்தனை உயரம் அம்மாடி? செஞ்சியில் ராஜகிரி ஏறினேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் உச்சி வரை போனேன்.

நான்: ராஜகிரி ஏறினவருக்கு இது முடியும் பெரியப்பா. கெரிபூஸ் கடல் மட்டத்திலிருந்து 728 மீட்டர், பெய்ர்பெர்த்தூஸ் ஏறக்குறைய 800, மொன்செகூர் 1,207. அதில் பெரும்பகுதியைக் கார் ஏறிவிடும். கெரிபூஸில் வண்டியை நிறுத்திய பிறகு கால் மணி, இருபது நிமிடம் ஏற்றம். பெய்ர்பெர்த்தூஸில் மலையின் பின்பக்கமாகக் காட்டுப் பாதையில் சுற்றிப் போய் ஏற வேண்டும். மொன்செகூர்தான் செங்குத்து, அரை மணி நேரமாவது ஆகும். கல்லெல்லாம் தேய்ந்து வழுக்கும், அதனால் செருப்போடு யாரும் வர வேண்டாம்.

அத்தை: என் முட்டி கதை தெரியும்தானே கண்ணு. நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நான்: இல்லை அத்தை. மொன்செகூரில் நான் எல்லோருக்கும் காட்ட நினைக்கும் இடம் உச்சியில் இல்லை, கீழேதான் இருக்கிறது. உங்களால் நிச்சயம் வர முடியும்.

பெரியப்பா: கதார் கோட்டைகள் என்கிறான் இவன். யார் இந்தக் கதார்கள்?

நான்: 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு பிரான்சில் இருந்த கிறித்தவர்கள், பெரியப்பா. கண்ணால் காணும் இந்த உலகம் தீய சக்தியின் வேலை, ஆன்மா மட்டுமே நல்ல கடவுளுடையது என்று நம்பினார்கள். கத்தோலிக்கச் சபைக்கு இது பொறுக்கவில்லை. 1209இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் அழைப்பில் வடக்கிலிருந்து சிலுவைப்படை வந்தது. ஜெருசலேமுக்குப் போகவில்லை, கிறித்தவர்கள் வாழும் ஊர்களுக்கே வந்தது. முதலில் விழுந்தது பெசியே நகரம். அங்கே கதார், கத்தோலிக்கர் என்று பார்க்காமல் வெட்டினார்கள். அடுத்து கார்க்காசோன். ஊர்கள் போன பிறகு மிஞ்சியவர்கள் மலைக்கோட்டைகளில் அடைக்கலம் தேடினார்கள்.

பெரியம்மா: அவர்கள் சைவமாமே? யூடியூபில் ஒருவர் சொன்னார்.

நான்: தீட்சை பெற்றவர்கள் மட்டும் பெரியம்மா. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். மீன் உண்டு. சத்தியம் செய்யமாட்டார்கள், உயிரைக் கொல்லமாட்டார்கள். பெண்களும் அந்தத் தீட்சை பெறலாம். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

அண்ணன்: அப்படியென்றால் ஐந்துமே அவர்கள் கட்டியவையா?

நான்: இல்லை அண்ணா, இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று நாம் பார்க்கும் சுவர்களில் பெரும்பாலானவை அவர்களை வென்ற பிரெஞ்சு அரசர்கள் எழுப்பியவை. 1258இல் கோர்பெய் உடன்படிக்கையில் பிரான்சுக்கும் ஸ்பெயின் பக்கத்து அரகோன் அரசுக்கும் எல்லை இந்த மலைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அகிலார், கெரிபூஸ், பெய்ர்பெர்த்தூஸ், பியிலோரன்ஸ், தெர்ம் ஐந்தும் எல்லைக் காவல் கோட்டைகள் ஆயின. கார்க்காசோனின் ஐந்து பிள்ளைகள் என்று அவற்றைச் சொல்வார்கள். 1659இல் பிரனீஸ் உடன்படிக்கை எல்லையைத் தெற்கே தள்ளியது. அதன் பிறகு மெல்ல மெல்லக் கைவிட்டுவிட்டார்கள். மொன்செகூரிலும் இப்போது நிற்பது முற்றுகைக்குப் பிறகு வந்த பிரபுக்கள் கட்டியதுதான்.

அண்ணன்: கல்லெல்லாம் ஜெயித்தவனுடையது என்றால் அவர்களுடையது என்று பார்க்க என்ன இருக்கிறது?

நான்: அதற்குத்தான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

*ஞாயிற்றுக்கிழமை*

பெரியப்பா: இரவெல்லாம் ஒரே யோசனை. பொதுப்பணித் துறையில் இருந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? அந்த உச்சியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

நான்: மழைநீர்தான் பெரியப்பா! தரையில் விழும் மழையைக் கல்தொட்டிகளில் பிடித்துச் சேர்த்தார்கள். தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். முற்றுகையில் எத்தனை நாள் தாங்கலாம் என்பதை அந்தத் தண்ணீர்தான் முடிவு செய்தது. பெய்ர்பெர்த்தூஸில் உங்களுக்குப் பிடிக்கும் இன்னொன்றும் இருக்கிறது. 1242இல் ஒன்பதாம் லூயி அரசன் உத்தரவில் பாறையிலேயே செதுக்கிய படிக்கட்டு. ஒரு பக்கம் பாதாளம், மறுபக்கம் பிடித்துக்கொள்ளக் கயிறு. அதில் ஏறித்தான் உச்சியில் இருக்கும் இரண்டாவது கோட்டைக்குப் போக வேண்டும்.

பெரியம்மா: இவர் அதில் ஏறக்கூடாது. சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: கயிறு இருக்கிறதே.

தம்பி: அக்கா, அந்தப் பக்கம் காற்று பயங்கரமாக அடிக்குமாமே? நான் வரவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

நான்: ஆமாம்டா, வடமேற்கிலிருந்து வரும் காற்று. கெரிபூஸ் வாசலில் ஆளையே தள்ளும். பெரியப்பா, பெரியம்மா, காதை மூடும் குல்லா கட்டாயம், சேலைக்கு மேல் ஜாக்கெட்டும் வேண்டும். இடி மின்னல் வந்தால் கோட்டையை மூடிவிடுவார்கள், அதனால் அன்று காலை விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நீங்கள் அக்டோபரில் வருவது நல்லதாகப் போயிற்று. கோடையில் அங்கே நிழலே கிடையாது, காட்டுத்தீ பயத்தில் சில நாள் நடைபாதைகளை அடைத்தும்விடுவார்கள்.

அத்தை: நீ சொன்ன அந்த இடம் என்ன என்று இன்னும் சொல்லவில்லையே கண்ணு.

நான்: சொல்கிறேன் அத்தை. 1243 மே மாதம் மொன்செகூரை முற்றுகையிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் தாங்கினார்கள். மலையேறத் தெரிந்த வீரர்கள் இரவில் கிழக்குப் பக்கப் பாறையில் ஏறி ஒரு முனையைப் பிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. 1244 மார்ச் தொடக்கத்தில் சரணடையப் பேச்சு நடந்தது. நம்பிக்கையைக் கைவிடுபவர்கள் போகலாம், மறுப்பவர்களுக்கு நெருப்பு. யோசிக்க இரண்டு வாரம் கொடுத்தார்கள். யாரும் எதிர்பார்க்காத ஒன்று அந்த இரண்டு வாரத்தில் நடந்தது. அதுவரை தீட்சை பெறாத இருபது பேர் அளவில், காவல் வீரர்கள் உட்பட, முன்வந்து தீட்சை பெற்றார்கள். பெற்றால் சாவு என்று தெரிந்தே பெற்றார்கள். மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களை எரித்தார்கள்.

நான்: மலையடிவாரத்தில் ஒரு புல்வெளி. 1960இல் அங்கே ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். அதில் அந்த நிலத்தின் பழைய ஒக்சித்தான் மொழியில் எழுதியிருக்கிறது. சாலையிலிருந்து சில நிமிட நடைதான் அத்தை, நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அண்ணா கேட்டதற்கும் அதுதான் பதில்.

அத்தை: வருகிறேன். ஒரு பூ வைக்கலாமா அங்கே?

நான்: வைக்கலாம் அத்தை. வருகிறவர்கள் வைப்பதுண்டு.

அண்ணன்: சரி, என் திட்டத்தைக் கிழித்தாயிற்று. நீயே சொல்.

நான்: இரண்டு நாள் அண்ணா, நடுவில் ஒரு நாள் ஓய்வு. முதல் நாள் கெரிபூஸ், பெய்ர்பெர்த்தூஸ். ஒன்றில் நின்றால் மற்றது கண்ணுக்குத் தெரியும். கெரிபூஸ் உள்ளே ஒற்றைத் தூண் தாங்கும் வளைவுக் கூடம் இருக்கிறது, அதைத் தவறவிடக்கூடாது. வானம் தெளிவாக இருந்தால் மேலிருந்து கனிகூ மலையும் கடலும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் குக்குன்யான் கிராமம். அத்தையும் பெரியம்மாவும் அங்கே இருக்கலாம். காற்றாலை ஒன்று இருக்கிறது, ரொட்டியும் நன்றாக இருக்கும். இன்னொரு நாள் மொன்செகூர் மட்டும். காலையில் எல்லோரும் புல்வெளிக்கு, அப்புறம் முடிந்தவர்கள் மேலே.

பெரியம்மா: மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளலாம். புளிக்காய்ச்சல் நான் செய்து எடுத்து வருகிறேன்.

தம்பி: நடந்தே போக வழி இருக்கிறதா அக்கா? அடுத்த வருடம் நான் வந்தால்.

நான்: கதார் பாதை என்று ஒன்று இருக்கிறதுடா, கடற்கரையிலிருந்து ஃபுவா நகரம் வரை 250 கிலோமீட்டர் அளவு. வழக்கமாகப் பன்னிரண்டு நாள் நடையாகப் பிரித்துக்கொள்வார்கள். நீ வந்தால் ஒரு பகுதியாவது சேர்ந்து நடக்கலாம்.

பெரியப்பா: அம்மாடி, என் ஷூ அடி தேய்ந்திருக்கிறது. புதிதாக எந்த மாதிரி வாங்க வேண்டும்? படம் அனுப்பு, நாளைக்கே கடைக்குப் போகிறேன்.