லூகர் பாகங்களுக்குச் சரியான தமிழ்ச் சொல் வேண்டும்

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். பழைய கைத்துப்பாக்கி சேகரிப்பாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். 1908இல் ஜெர்மன் இராணுவம் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியில் வந்து நிற்கிறேன். குழல், விசை, ரவைக்கூடு எல்லாம் சரி. சுடும்போது மேலே மடிந்து எழும் 'டொகிள்' பாகத்துக்குத்தான் சொல் இல்லை. ஜெர்மன்காரர் முழங்கால் மூட்டு என்கிறார்கள். நாமும் 'மடிமூட்டு' எனலாமா?

அப்புறம் துப்பாக்கியில் குத்தும் முத்திரைகள். கூடுதல் வெடிமருந்திட்டுச் சுட்டுப் பார்த்தபின் குத்துவது ஒன்று, இராணுவப் பரிசோதகர் ஏற்றுக்கொண்டு குத்துவது வேறு. இரண்டையும் வெறுமனே 'முத்திரை' என்றால் வாசிப்பவர் குழம்பிவிடுவார். 'சோதனை முத்திரை', 'ஏற்பு முத்திரை' பொருந்துமா? இரும்புப் பட்டறை, ஆயுதக் களஞ்சியம் பழகிய அண்ணாமார் யாராவது புழக்கத்தில் உள்ள சொல்லைச் சொல்லுங்கள். இந்தக் கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.