ஆறாவதுக்கு எத்தனை ஹாஸ்டல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றது?

கோட்டையூர் மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். மகன் இப்போ அஞ்சாவது படிக்கிறான். வர்ற ஜூன்ல ஆறாவதுக்கு ஹாஸ்டல் ஸ்கூல்னு முடிவாயிருச்சு. அவங்க அப்பா சிங்கப்பூர்ல, நான் மாமியாரோட ஊர்ல. அனுப்பலாமா வேண்டாமாங்கிறதை வீட்ல ஒரு வருசம் பேசித் தீர்த்தாச்சு. அதை இங்கே திரும்ப ஆரம்பிக்க வேண்டாம்னு கேட்டுக்கிறேன். என் கேள்வி, எத்தனை ஸ்கூலுக்குப் போடறது? கொழுந்தனார் பத்து ஸ்கூலோட பேரை எழுதிக் கொடுத்திருக்காங்க. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு ஆரம்பிச்சு டேராடூன் வரைக்கும் போகுது. மாமியார், "ஒரு சாமிக்கு நேந்துக்கிட்டாப் போதும்"ங்கிறாங்க. எனக்கு ரெண்டுமே சரியாப் படலை.

பள்ளத்தூரான்:
எட்டுக்குக் கீழே வராதீங்க ஆச்சி. பட்டுச் சொல்றேன். எங்க பொண்ணுக்குப் போன வருசம் மூணே மூணு போட்டோம். மூணும் பெரிய இடம். ஒண்ணு எழுத்துத் தேர்வோட போச்சு. இன்னொண்ணுல இன்டர்வியூ முடிச்சு வெயிட்டிங் லிஸ்ட்ல வச்சாங்க, மே மாசம் வரைக்கும் அந்த லிஸ்ட் நகரவே இல்லை. மூணாவதுல எவ்வளவு கேட்டும் பதில் இல்லை. அதுக்குள்ள காரைக்குடியில நாங்க நினைச்சிருந்த ஸ்கூல்லயும் இடம் நிரம்பிருச்சு. டிசிக்கு எழுதிக் கொடுத்த லெட்டரைத் திரும்ப வாங்கி, பழைய ஸ்கூல்லயே கொண்டுபோய் விட்டேன். பத்து வயசுப் பிள்ளை. எல்லார்கிட்டயும் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தவ.

ஆறாவதை விட்டா, அப்புறம் நடுவுல யாராவது விலகினாத்தான் இடம். நம்ம ஐயாக்கள் ஒரே ஊர்லயா கடை வச்சாங்க? ரங்கூன்ல ஒண்ணு, பினாங்குல ஒண்ணு, கொழும்புல ஒண்ணு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்.

செக்காலை வாத்தியார்:
தம்பி, உங்கள் மகளுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக் கணக்கு இங்கே பொருந்தாது. எட்டுக் கடைக்கு எட்டு ஆள் இருந்தார்கள். கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக ஒரு பிள்ளையை அனுப்பும்போது ஒரு கடைக்குத்தான் அனுப்பினார்கள். எட்டுப் பள்ளிக்கும் போய் எழுத வேண்டியது ஒரே பிள்ளை.

ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து வருகிறேன். ஒரு பையனுக்கு ஏழு பள்ளி. நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை சனி ஞாயிறெல்லாம் பயணம். ஐந்தாவது நேர்காணலில் "எங்கள் பள்ளிக்கு ஏன் வர விரும்புகிறாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். "குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ள" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பள்ளியில் குதிரையே கிடையாது. அது இரண்டாவது பள்ளிக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்த பதில். வெளியே வந்து அவன் அழவில்லை. என்னிடம் வந்தபோது நோட்டில் ஏழு பள்ளியின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன சொல்ல வேண்டும் என்று கட்டம் போட்டு வைத்திருந்தான். அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து யார் கேட்டாலும் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

பள்ளத்தூரான்:
அது சொல்லிக் கொடுத்தவங்க தப்புங்கய்யா, எண்ணிக்கையோட தப்பு இல்லை. பிள்ளைக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுக்காம எட்டு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமே.

கண்டனூர் கணக்கு:
பணத்தையும் பார்ப்போம். அப்ளிகேஷன் கட்டணம் எங்கேயும் திரும்பக் கிடைக்காது. சில பள்ளியில் சில ஆயிரம், பெரிய பள்ளிகளில் அதைவிட நல்ல கூடுதல். அதோடு இரண்டு மூன்று பேருக்கு வண்டிச் செலவு, ஊட்டி கொடைக்கானலில் ரூம் வாடகை. இதெல்லாம் சேர்ந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கை கடிக்கும் இடம் அடுத்தது. இடம் கிடைத்ததும் அட்மிஷன் கட்டணமும் காஷன் டெபாசிட்டும் கட்டச் சொல்வார்கள். டெபாசிட் வழக்கமாகத் திரும்ப வரும், அட்மிஷன் கட்டணம் வராது. கல்லூரிக்கு இருக்கிற யுஜிசி ரீஃபண்ட் விதி பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாது. ஆகவே எத்தனை பள்ளி என்பதற்கு முன்னால், எந்தப் பள்ளி என்றைக்குப் பணம் கேட்கும் என்று ஒரு சிட்டை போடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்:
கண்டனூர் அண்ணன் சொன்னதுதான் விசயமே. என் தங்கச்சி நியூஜெர்சியில இருக்கு. அங்கே போர்டிங் ஸ்கூலுக்கு அஞ்சாறுல இருந்து எட்டு வரைக்கும் போடுறது சகஜம். அதைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்களும் எட்டு, பத்துங்கிறாங்க. ஆனா அங்கே பெரும்பாலான பெரிய ஸ்கூல் மார்ச் 10 அன்னைக்கு முடிவு சொல்லும். ஏப்ரல் 10 வரைக்கும் எல்லாத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்து ஒண்ணை எடுத்துக்கலாம். அதனால எட்டு போட்டா எட்டுக்கும் அர்த்தம் இருக்கு.

இங்கே பொதுத் தேதியே கிடையாது. முதல் ஸ்கூல் டிசம்பர்ல இடம் கொடுத்து பத்து நாள்ல பணம் கட்டுன்னும். நாம விரும்புற ஸ்கூலுக்குப் பரீட்சையே ஜனவரியிலதான் இருக்கும். அப்போ எட்டு போட்டிருந்தாலும் உண்மையில கையில இருக்கிறது ரெண்டு மூணுதான். மத்ததெல்லாம் பிள்ளையை அலைய வச்சதோட சரி.

தேவகோட்டை ரஸ்தா:
ஏழு வருசம் ஹாஸ்டல்ல இருந்தவன் பேசறேன். என் நம்பர் 47. சட்டை, டவுசர், துண்டு, சாக்ஸ் எல்லாத்துலயும் அந்த நம்பர் இருக்கணும். அப்பத்தா பட்டாலையில உக்காந்து சிவப்பு நூல்ல ஒவ்வொண்ணா தைச்சுக் கொடுத்துச்சு. சாக்ஸுக்குள்ள 7 மட்டும் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். லைட் அணைச்சப்புறம் விரலால தடவிப் பார்ப்பேன்.

எனக்கு முக்கியம் ஸ்கூல் பேர் இல்லை, ஞாயித்துக்கிழமை யார் பார்க்க வருவாங்கங்கிறதுதான். மாசம் ஒரு தடவை விசிட்டர்ஸ் டே. கேட் பக்கத்துல நின்னு ஒவ்வொரு வண்டியா பார்த்தது இன்னும் கண்ணுல இருக்கு. ஆச்சி, அந்தப் பத்தையும் எடுத்துக்கிட்டு, நீங்களோ மாமியாரோ ராத்திரி பஸ் ஏறினா மறுநாள் காலையில போய்ச் சேர முடியாத ஊரையெல்லாம் அடிச்சிருங்க. டேராடூன் முதல்ல போயிரும்.

பள்ளத்தூரான்:
தேவகோட்டைத் தம்பி சொல்றதை ஒத்துக்கிறேன். தூரத்தை வச்சு அடிங்க, எண்ணிக்கையை வச்சு அடிக்காதீங்க. பக்கத்துலயே எட்டு கிடைச்சா எட்டும் போடுங்க.

செக்காலை வாத்தியார்:
எட்டு கிடைத்தாலும் அவை ஒரே மாதிரிப் பள்ளிகளாக இருக்காது. பெரும்பாலும் பட்டியல்களில் வரும் பெயர்களையே பாருங்கள். லவ்டேல் லாரன்ஸ் 1858இல் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, இன்று சிபிஎஸ்இ. கொடைக்கானல் இன்டர்நேஷனல் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக வந்தது, இப்போது ஐபி என்கிற சர்வதேசப் பாடத்திட்டம். ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலி ஜே. கிருஷ்ணமூர்த்தி வழி, பாடத்திட்டம் ஐசிஎஸ்இ, சாப்பாடு சைவம் மட்டும். மூன்றும் நல்ல பள்ளிகள். ஆனால் மூன்றும் மூன்று விதமான பிள்ளை வளர்ப்பு. மூன்றுக்கும் போடுகிற வீடு, பையன் எப்படி வளர வேண்டும் என்று இன்னும் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆச்சி, அமராவதி நகர் சைனிக் பள்ளியைப் பார்த்தீர்களா? பிள்ளைகளை ராணுவப் பணிக்குத் தயார் செய்யும் பள்ளி; தனியார் இல்லை, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1962இல் வந்தது, உடுமலைப்பேட்டை பக்கம். ஆறாவதுக்கு மார்ச் 31 அன்று வயது 10க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வின் 300 மார்க்கில் 150 கணக்குக்கே போகிறது. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கணக்கு வருகிற பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு.

கோட்டையூர் மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மேப்பை விரிச்சு அவனையும் பக்கத்துல உக்கார வச்சேன். ஒவ்வொரு ஊருக்கும், "அப்பத்தா எந்த பஸ்ல வருவாக?"ன்னு கேட்டான். ஆந்திராவுக்கு எனக்கே பதில் தெரியலை, அவனே பேனாவை வாங்கி அடிச்சிட்டான். ஐபியும் வேண்டாம்னு அவங்க அப்பா போன்ல சொல்லிட்டாங்க. இப்போ நாலு இருக்கு. ஏற்காட்டுல ஒண்ணு, ஊட்டியில ஒண்ணு, கோயம்புத்தூர் பக்கம் ஒண்ணு, அப்புறம் சைனிக். நாலையும் அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி நேர்ல பார்த்துட்டு வரலாம்னு இருக்கோம். எதுவும் கிடைக்கலைன்னா இங்கேயே ஆறாவது படிக்கட்டும்னு, இப்போ படிக்கிற ஸ்கூல்ல டிசி கேக்காம வச்சிருக்கேன்.

பள்ளத்தூரான்:
நாலு போதாதுன்னுதான் ஆச்சி இன்னமும் சொல்வேன். ஆனா டிசி கேக்காம வச்சிருக்கீங்க பாருங்க, அதை நான் பண்ணியிருந்தா எங்க பிள்ளைக்கு அந்த ஜூன் மாசம் வந்திருக்காது. சைனிக்குக்கு இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் கேப்பாங்க. இ-சேவை மையத்துல இப்பவே எழுதிக் கொடுத்திருங்க. பிறப்புச் சான்றிதழ்ல பேரும் ஆதார்ல பேரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, எங்களுக்கு இன்ஷியல் மாறி ரெண்டு வாரம் அலைஞ்சோம்.